வளைகுடாவில் கால் முறிந்த நண்பர் மறுபடி எழுந்து நடக்க: ஊரிலிருந்து செய்ய வேண்டியவை

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என்று இந்த ராமநாதபுரம் கடற்கரை முழுக்க ஏதாவது ஒரு வீட்டுக்கு இப்படி ஒரு போன் வந்துகொண்டேதான் இருக்கிறது: "சாரத்துல இருந்து விழுந்துட்டான், ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்." அரை மணி நேரத்தில் வீட்டு வாசலில் ஆள் கூடிவிடும். கூடியவர்களில் பாதிப் பேர் சொல்வது, "எப்படியாவது ஊருக்குக் கூட்டிட்டு வந்துருவோம், மதுரையில பார்த்துக்கலாம்" என்பதுதான். அன்பில் வரும் பேச்சு. ஆனால் வாழ்நாள் முழுக்கக் கட்டை ஊன்றி நடக்க வேண்டி வருகிறவர்களில் பலருக்கு இந்த அவசரமும் ஒரு காரணம். முதல் அறுவை சிகிச்சை விழுந்த ஊரிலேயே நடக்க வேண்டும். விமானம் ஏறுமுன் தாள்கள் கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் தவறாமல் நடந்துவிட்டால் மிச்சத்தை இங்கே சரிசெய்துகொள்ள வழி உண்டு.

1. முதல் போனில் கேட்க வேண்டியவை

பேசும் நிலையில் இருந்தால் அடிபட்டவரிடமே பேசுங்கள். அறைத் தோழர் பதற்றத்தில் கூட்டியும் குறைத்தும் சொல்வார்.

"மாப்ள, ரெண்டு கால் விரலையும் அசைச்சுப் பாரு, அசையுதா? தொட்டா தெரியுதா? ஒண்ணுக்குப் போக முடியுதா?" இவற்றில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் முதுகெலும்பில் அடி இருக்கலாம். அவரை யாரும் தூக்கி உட்காரவைக்கக் கூடாது. மருத்துவரிடம் அந்த நிமிடமே சொல்லச் சொல்லுங்கள்.

"தோல் கிழிஞ்சு எலும்பு வெளியே வந்துச்சா?" "பாதம் சில்லுனு இருக்கா?" இதற்கு ஆம் என்றால் அவசரம் இன்னும் கூடுகிறது.

"எங்கே விழுந்த? வேலை இடத்துலயா, ரூம்லயா, ரோட்டுலயா?" இந்தக் கேள்வி பணத்துக்கானது. ஏன் என்று பின்னால் வருகிறது.

அறைத் தோழரிடம் வாங்க வேண்டியவை: ஆஸ்பத்திரியின் பெயர், வார்டு, நோயாளி எண், இக்காமா அல்லது சிவில் ஐடியின் (அந்த நாட்டில் தங்கும் அனுமதி அட்டை) இரண்டு பக்கப் படம், பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், இன்சூரன்ஸ் அட்டை, கம்பெனியின் முழுப்பெயர். சர்க்கரை, பிரஷர், ஏற்கெனவே சாப்பிடும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, ஒவ்வாத மருந்து ஆகியவற்றை வீட்டில் கேட்டு உடனே அங்கே அனுப்புங்கள். மயக்க மருந்து கொடுப்பவருக்கு இவை தேவை.

பிறகு ஒரு சின்ன வாட்ஸ்அப் குழு. அங்கே ஆஸ்பத்திரிக்குப் போய்வரக்கூடிய ஒருவர், வீட்டில் முடிவெடுக்கும் ஒருவர், தாள்களைப் பார்த்துக்கொள்ளும் நீங்கள், தெரிந்த எலும்பு மருத்துவர் ஒருவர். இவ்வளவு போதும். பத்துப் பேர் பத்து விதமாகக் கம்பெனிக்குப் போன் போட்டால் நாலாவது போனை யாரும் எடுக்க மாட்டார்கள்.

2. எந்த முறிவுக்கு எவ்வளவு அவகாசம்

கம்பெனி ஆளோடும் உறவினரோடும் பேசுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். எல்லா முறிவும் ஒன்றல்ல.

இடுப்பு மூட்டு நழுவியிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அதைத் திரும்ப உட்காரவைக்க வேண்டும். தோல் கிழிந்த முறிவு என்றால் முதல் ஒரு மணி நேரத்தில் ஆன்டிபயாடிக் ஊசி, ஒரு நாளுக்குள் காயத்தைத் திறந்து கழுவிச் சுத்தம் செய்தல். அப்போதைக்கு வெளியே கம்பிச் சட்டம் மாட்டி வைப்பார்கள். எலும்புக்குள் செருகும் ராடு அடுத்த கட்டத்தில் வரும்.

தொடை எலும்பின் கழுத்து முறிவுதான் அதிகம் ஏமாற்றுவது. தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் உருண்டை இடுப்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்த உருண்டைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்களில் பெரும்பாலானவை எலும்பின் கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. கழுத்து முறிந்து விலகும்போது அந்த நாளங்கள் கிழியும் அல்லது முறுக்கிக்கொள்ளும். 60 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு, முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் எலும்பை நேராக்கி ஸ்க்ரூ போட்டு உருண்டையைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். பத்து நாள் கழித்து மதுரைக்கு வந்து சேர்ந்தால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் போயிருக்கும். உருண்டை ரத்தமில்லாமல் செத்து நொறுங்கும். முப்பத்தைந்து வயதில் செயற்கை மூட்டு வைக்க வேண்டி வரும். செயற்கை மூட்டு நல்ல சிகிச்சைதான். ஆனால் அது தேயும், இளவயதில் வைத்தால் வாழ்நாளில் இன்னொரு முறை மாற்ற வேண்டி வரலாம். வயதானவருக்கு நேராகவே பாதி மூட்டோ முழு மூட்டோ மாற்றிவிடுவார்கள், அது வேறு கணக்கு.

தொடைத் தண்டு முறிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் உள்ளேயே ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் ரத்தம் கசியும். முதல் மூன்று நாளில் எலும்பு மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்தும் உண்டு. மூச்சுத் திணறல், பேச்சில் குழப்பம், மார்பில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் அதன் அடையாளம். முறிந்த தொடையோடு ஒருவரை விமானத்தில் ஏற்றுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது இப்போது புரியும். ஒரு நாள், இரண்டு நாளுக்குள் ராடு போட்டுவிட்டால் சீக்கிரமே உட்காரலாம்.

இதற்கு நேர்மாறாக, கணுக்காலும் முட்டிக்குக் கீழேயும் தோல் கிழியாமல் முறிந்திருந்தால் ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூடக் காத்திருப்பார்கள். வீங்கி மினுமினுக்கும் தோலில் கத்தி வைத்தால் தையல் சேராது. தோலில் மறுபடி சுருக்கம் விழ வேண்டும். "ஒரு வாரமா சும்மாவே படுக்கப் போட்டிருக்காங்க" என்று கோபப்படுமுன் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

இங்கே ஒரு மருத்துவரிடம் கருத்துக் கேட்க வேண்டுமானால் எக்ஸ்ரேயை ஒழுங்காக அனுப்ப வேண்டும். முன்பக்கம், பக்கவாட்டு என இரண்டு படம். முறிவுக்கு மேல் உள்ள மூட்டும் கீழ் உள்ள மூட்டும் தெரிய வேண்டும். ஃபிலிம் என்றால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விளக்கின் பளபளப்பு விழாமல் எடுக்கச் சொல்லுங்கள்.

3. செலவு யார் பொறுப்பு

வேலை இடத்தில் பட்ட காயத்துக்கு வளைகுடா நாடுகள் எல்லாவற்றிலும் முதல் பொறுப்பு முதலாளியுடையது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் சட்டப்படி குணமாகும்வரை சிகிச்சைச் செலவு கம்பெனியுடையது. சம்பளம் முதல் 6 மாதம் முழுதாகவும் அடுத்த 6 மாதம் பாதியாகவும் வர வேண்டும். கத்தாரிலும் குவைத்திலும் 6 மாதம் முழுச் சம்பளம், அதற்குப் பிறகு பாதி. சவூதியில் வெளிநாட்டுத் தொழிலாளிக்காகக் கம்பெனி மாதாமாதம் சம்பளத்தில் 2 சதவீதம் 'கோசி' என்ற சமூகக் காப்பீட்டுக்குக் கட்டுகிறது; வேலைக் காயத்துக்கான சிகிச்சை அதில் வரும். கம்பெனி கோசிக்கு அறிவிக்கச் சில நாட்களே அவகாசம். அறிவித்துவிட்டார்கள் என்று வாயால் சொன்னால் போதாது, அறிவித்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

மலேசியாவில் 1.1.2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளியும் 'சொக்ஸோ' வேலைக்காயத் திட்டத்துக்குள் வந்துவிட்டார். சிங்கப்பூரில் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தில் விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும்.

எங்கே விழுந்தார் என்ற கேள்வி இங்கேதான் முக்கியமாகிறது. சாதாரண மருத்துவ இன்சூரன்ஸ் பல சமயம் வேலைக் காயத்தை ஏற்காது. அதற்குத் தனிக் காப்பீடு. சில ஃபோர்மேன்கள், "ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, சீக்கிரம் சேர்த்துக்குவாங்க" என்பார்கள். அதை ஏற்கவே கூடாது. அவசரப் பிரிவில் முதலில் எழுதப்படும் ஒரு வரி, பிறகு வரும் இழப்பீடு முழுவதையும் தீர்மானிக்கும். நடந்தது நடந்தபடியே பதிவாக வேண்டும். சாரம், ஏணி, விழுந்த இடத்தின் படங்களும் பார்த்த இருவரின் பெயரும் போன் எண்ணும் அன்றே சேர்ந்துவிட வேண்டும். ஒரு வாரத்தில் சாரம் பிரிக்கப்பட்டுவிடும், பார்த்தவர் வேறு சைட்டுக்குப் போய்விடுவார். சாலை விபத்து என்றால் போலீஸ் அறிக்கையும் மோதிய வண்டியின் இன்சூரன்ஸ் விவரமும் வேண்டும்.

சிக்கலே ஃப்ரீ விசாக்காரர்களுக்கும், ஒரு வேலைக்கு விசா எடுத்து வேறு வேலை பார்ப்பவர்களுக்கும்தான். கஃபீல், அதாவது விசா கொடுத்தவர், ஒருவர்; வேலை வாங்கியவர் இன்னொருவர். காயம் பட்டதும் இருவரும் கைகழுவப் பார்ப்பார்கள். மீன்பிடி விசாவில் போன நம் ஆட்கள் கரை வேலையில் விழுந்தாலும் இதே கதைதான். இவர்களுக்குத் தூதரகம்தான் முதல் வழி. 2009இல் தொடங்கிய இந்திய சமுதாய நல நிதியிலிருந்து, வசதியற்ற தொழிலாளியின் அவசர சிகிச்சைக்கும் திரும்பி வரும் டிக்கெட்டுக்கும் உதவி கிடைக்கும். வெளியுறவுத் துறையின் 'மதத்' இணையதளத்தில் புகாரைப் பதிந்து எண் வாங்குங்கள். போனில் பேசுவது காற்றோடு போகும். அந்த எண் இருந்தால் தொடர்ந்து கேட்கலாம். இந்தியாவிலிருந்து பிரவாசி உதவி மையம் 1800 11 3090, அமீரகத்துக்குள்ளிருந்து 800 46342, தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் உதவி எண் 1800 309 3793.

பத்தாவது தேறாமல் ஈசிஆர் பாஸ்போர்ட்டில் (வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படுவது) போனவர் என்றால் வீட்டில் பழைய தாள்களைத் தேடுங்கள். அவர்களுக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' கட்டாயம். இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய், அதோடு வரி. விபத்தில் நிரந்தர ஊனமாகி வேலை போனால் 10 லட்சம் வரை, ஆஸ்பத்திரிச் செலவுக்கு 1 லட்சம் வரை, உடல்நிலையால் திரும்பி வர நேர்ந்தால் டிக்கெட். ஏஜென்ட் எடுத்த பாலிசி என்பதால் இப்படி ஒன்று இருப்பதே வீட்டுக்குத் தெரியாமல் கிடக்கும். காலாவதித் தேதியைப் பாருங்கள்; இரண்டாண்டு முடிந்து புதுப்பிக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

4. பணம் திரட்டுவதும் அனுப்புவதும்

பணம் அனுப்ப வேண்டி வந்தால் வங்கி வழியாக, ஆஸ்பத்திரியின் கணக்குக்கே அனுப்புங்கள். உண்டியலில், அதாவது வங்கியை விட்டு ஆள் வழியாக, அனுப்பினால் வேகமாகப் போகும், ரசீது இருக்காது. பிறகு கம்பெனியிடமோ இன்சூரன்ஸிலோ திரும்பக் கேட்க வழியே இல்லை. அதோடு அது சட்டவிரோதம். வங்கியில் மருத்துவச் செலவு என்று குறிப்பிட்டு, ஆஸ்பத்திரியின் மதிப்பீட்டுத் தாளைக் கொடுங்கள்.

வசூலில் ஒரு பெரிய எச்சரிக்கை. ஊர் ஜமாஅத்திலோ சர்ச்சிலோ கிராமக் கமிட்டியிலோ இங்கே திரட்டுவது வேறு. அமீரகத்தில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் "ஆளுக்கு நூறு திர்ஹம்" என்று கேட்டால் அது குற்றம். 2021ஆம் ஆண்டின் நன்கொடைச் சட்டம் அனுமதி பெற்ற அமைப்புகள் தவிர வேறு யாரும் வசூலிப்பதைத் தடுக்கிறது, அபராதம் லட்சக்கணக்கான திர்ஹமில் போகும். சவூதியிலும் அனுமதியில்லாத வசூல் கூடாது. உதவப் போன பிள்ளை மாட்டிக்கொள்ளக் கூடாது. அங்கிருப்பவர்கள் அவரவர் வீட்டுக்கு அனுப்பும் பணத்திலிருந்து, ஊரில் வீட்டார் கொடுப்பதே பாதுகாப்பு.

அங்கே போகிறவர் கையில் வலி மாத்திரை கொடுத்தனுப்புவதும் நம் ஊரில் வழக்கம். டிரமடால், பிரிகாபலின், கோடீன் கலந்த இருமல் டானிக் ஆகியவை வளைகுடாவில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். மருந்துக் கடையில் சாதாரணமாக வாங்கிய ஒரு அட்டை, விமான நிலையத்தில் சிறை வரை கொண்டுபோகும். எந்த மருந்தும் அனுப்ப வேண்டாம், அங்கேயே கிடைக்கும்.

5. ஆஸ்பத்திரியை விட்டு வருமுன் வாங்க வேண்டிய தாள்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி எல்லோரும் வாங்குவார்கள். ஆபரேஷன் நோட் என்று தனியாக ஒன்று உண்டு, அதைக் கேட்டு வாங்குபவர் அரிது. அதைவிட அரிது, இம்பிளான்ட் ஸ்டிக்கர்.

ராடு, பிளேட், ஸ்க்ரூ, செயற்கை மூட்டு ஒவ்வொன்றின் பெட்டியிலும் ஒரு சின்ன ஒட்டுத்தாள் இருக்கும். கம்பெனியின் பெயர், மாடல், அளவு, தயாரிப்பு எண் எல்லாம் அதில் இருக்கும். அறுவை அறையில் அதை உரித்து நோயாளியின் ஃபைலில் ஒட்டிவிடுவார்கள். அந்தப் பக்கத்தின் நகல் வேண்டும். காரணம் எளியது: ஸ்க்ரூவின் தலை கம்பெனிக்குக் கம்பெனி வேறு, ஒன்று ஆறு முனைக் குழி, இன்னொன்று நட்சத்திரக் குழி. ராடின் உச்சியில் மாட்டி இழுக்கும் கருவியின் மரையும் வேறு. இரண்டாண்டு கழித்து மதுரையில் அந்த ராடை எடுக்கவோ மாற்றவோ வேண்டி வந்தால், எந்தக் கருவி என்று தெரியாமல் திறந்துவிட்டு ஸ்க்ரூவின் தலை மழுங்கிப்போனால், ஒரு மணி நேர வேலை நாலு மணி நேரமாகும், எலும்பைக் குடைய வேண்டி வரும். அந்தச் சின்னத் தாள் இருந்தால் டாக்டர் முன்கூட்டியே கருவியை வரவழைப்பார்.

எக்ஸ்ரே, சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ எல்லாம் சிடியில் வேண்டும். அறுவைக்கு முன் எடுத்ததும் பின் எடுத்ததும் இரண்டும். அரபியில் உள்ள அறிக்கைக்கு ஆங்கில நகல் கேளுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். காலில் எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று எழுதி வாங்குவதும் முக்கியம். அந்த ஒரு வரி இல்லாமல் வந்தால் இங்கே பிசியோதெரபி தொடங்கவே தயங்குவார்கள்.

இழப்பீட்டுக்கு: ஊனத்தின் சதவீதத்தை அந்த நாட்டு மருத்துவக் குழு நிர்ணயிக்க வேண்டும். குணம் நிலைத்த பிறகே நிர்ணயிப்பார்கள். அதற்கு முன் திரும்ப வேண்டி வந்தால், நம்பகமான ஒருவருக்கு வழக்கு நடத்த அதிகாரப் பத்திரம் எழுதி, அந்த நாட்டு நோட்டரியிடம் சான்று பெற்றுவிட்டே கிளம்ப வேண்டும். "ஊருக்குப் போயிட்டு வா, பார்த்துக்கலாம்" என்று சொல்லி ஃபைனல் எக்ஸிட் (விசாவை முடித்து நிரந்தரமாக அனுப்புவது) அடித்து, "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கையெழுத்து வாங்குவது நடக்கிறது. மொழி தெரியாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று நண்பரிடம் ஒவ்வொரு போனிலும் சொல்லுங்கள். முடிந்தால் திரும்பி வரும் விசாவோடு விடுப்பில் வரட்டும்.

6. விமானப் பயணம்

மூன்று தாள் வேண்டும்: பறக்கத் தகுதி என்ற மருத்துவச் சான்று, விமானக் கம்பெனியின் 'மெடிஃப்' படிவம், கூட வருபவரின் விவரம். மெடிஃபைப் பயணத்துக்குக் குறைந்தது 48 முதல் 72 மணி நேரத்துக்கு முன் கொடுக்க வேண்டும். அவர்களுடைய டாக்டர் பார்த்து ஒப்புதல் தருவார், மறுக்கவும் செய்யலாம்.

சக்கர நாற்காலி என்று மட்டும் சொன்னால் போதாது. நடக்க முடியும், தூரம் மட்டும் முடியாது என்பவருக்கு ஒரு குறியீடு. படி ஏற முடியாதவருக்கு இன்னொன்று. இருக்கை வரை தூக்கிக்கொண்டு போக வேண்டியவருக்கு டபிள்யூ-சி-ஹெச்-சி. கடைசியைக் கேட்க வேண்டியவர் முதலாவதைப் பதிந்துவிட்டால் விமானப் படிக்கட்டின் கீழே நின்று தவிக்க நேரும்.

முட்டியை மடக்க முடியாதவர் சாதாரண இருக்கையில் உட்கார முடியாது. ஸ்ட்ரெச்சர் என்றால் பல இருக்கைகளை மடக்கி அதன் மேல் பொருத்துவார்கள். அத்தனை இருக்கைக்கும் காசு, கூட ஒருவர் கட்டாயம். எல்லா விமானத்திலும் இந்த வசதி இல்லை, குறைந்த கட்டண விமானங்கள் பல ஏற்பதில்லை. ஆகவே இன்னும் இரண்டு மூன்று வாரம் அங்கேயே இருந்து, முட்டி மடங்கத் தொடங்கியபின் முன்வரிசை இருக்கையில் வருவது செலவிலும் வலியிலும் பாதியாகும்.

மாவுக்கட்டு போட்டு 48 மணி நேரம் ஆகாவிட்டால் அதை நீளவாக்கில் பிளந்துவிட வேண்டும். மேலே போனதும் கால் வீங்கும், கட்டு இறுகி ரத்தம் நிற்கும். ரத்தம் உறையாமலிருக்கும் ஊசியை அன்றும் தவறாமல் போட வேண்டும். மருந்துச் சீட்டோடு கைப்பையிலேயே வைக்கலாம். மணிக்கு ஒருமுறை பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை அசைக்கட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும்.

ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை பக்கத்தாருக்கு மதுரை விமான நிலையம், தொண்டி, எஸ்.பி. பட்டினம் பக்கத்தாருக்குத் திருச்சியும் வசதி. நேரே வீட்டுக்கு வர வேண்டாம். மதுரையிலோ திருச்சியிலோ இறங்கியதும் எலும்பு மருத்துவரிடம் காட்டி, புதிதாக ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டு வருவது நல்லது. பயணத்தில் ஏதாவது விலகியிருந்தால் அன்றே தெரியும்.

7. இங்கே இரண்டாவது அறுவை வேண்டி வந்தால்

எலும்பு சேரவில்லை, உருண்டை செத்துவிட்டது, சீழ் பிடித்துவிட்டது என்பவைதான் பொதுவான காரணங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. இடுப்பு மூட்டு மாற்றும் அறுவையும் அதில் வரும். விண்ணப்பம் கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில். குடும்ப அட்டையில் நண்பரின் பெயர் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்த காலத்தில் பெயரை நீக்கியிருந்தால் அவர் வந்து இறங்கும் முன்பே சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள், இதில்தான் நாள் போகும். சந்தேகத்துக்கு 1800 425 3993. 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தமிழ்நாட்டுச் சாலைகளில் நடந்த விபத்துக்கு மட்டுமே, இதற்குப் பொருந்தாது.

தனியாரில் முழு இடுப்பு மூட்டு மாற்ற சுமார் 2 முதல் 4 லட்சம் ஆகும், மூட்டின் வகையைப் பொறுத்து. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, அதாவது நம் பெரியாஸ்பத்திரியில் காட்டத் தயங்க வேண்டாம். அறுவை மதுரையில் நடந்தாலும் கட்டு மாற்றுவது, எக்ஸ்ரே, பிசியோதெரபி எல்லாவற்றுக்கும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போதும். ஒவ்வொரு முறையும் மதுரைக்கு அலைய வேண்டியதில்லை.

அடிபட்ட காலுக்கு எண்ணெய்க் கட்டு, மூங்கில் பத்தைக் கட்டு வேண்டவே வேண்டாம். பெரியவர்கள் ஆசையோடு சொல்வார்கள், மரியாதையாக மறுத்துவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் தசைக்கு ரத்தம் நின்றுபோகும். மூட்டருகே அழுத்தி உருவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளும்.

முதுகுத்தண்டில் அடிபட்டவருக்கு வழி வேறு. அறுவையைவிட மறுவாழ்வுப் பயிற்சியே அவரை எழுப்பும். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மறுவாழ்வு மையம், தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இரண்டும் இதற்கென்றே இருப்பவை. அங்கே இடம் கிடைக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரவிலும் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஒரே இரவில் தொடங்கும் படுக்கைப் புண் ஆறு மாதம் ஆறாது.

8. வீட்டில் நடை திரும்புவது

நம் வீடுகள் கடற்கரை வீடுகள். கட்டையோ வாக்கரோ மணலில் புதையும். வாசலிலிருந்து கழிவறை வரை மூன்றடி அகலத்துக்கு சிமெண்ட் சிலாப் போட்டுவிடுங்கள், அசையாமல். முற்றத்தில் வலை, கயிறு, மிதவை எதுவும் கிடக்கக் கூடாது. கட்டையின் அடி ரப்பர் புஷ்ஷில் வரிகள் தேய்ந்ததும் மாற்ற வேண்டும். இரண்டு ஜோடி கூடுதலாக வாங்கி வையுங்கள். அலுமினிய வாக்கரின் உயரத்தை மாற்றும் ஸ்பிரிங் பொத்தான் உப்புக் காற்றில் சிக்கிக்கொள்ளும். பாதி மாட்டிய நிலையில் எடை விழுந்தால் சட்டென்று சரியும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, பொத்தான் 'டிக்' என்று முழுதாக வெளியே வருகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

கட்டையின் மேல்பட்டை அக்குளுக்கு இரண்டு விரற்கடை கீழே இருக்க வேண்டும், எடை உள்ளங்கையில் விழ வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும். 'பாதி எடை' என்று டாக்டர் எழுதியிருந்தால் அதை மனதால் அளக்க முடியாது. எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, அடிபட்ட காலை அதில் ஊன்றி, டாக்டர் சொன்ன அளவு, உதாரணமாக 20 கிலோ, முள்ளில் வரும்போது எப்படி இருக்கிறது என்று பழகட்டும். நாலைந்து நாளில் காலுக்கே அந்த அளவு தெரிந்துவிடும். படி ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

செயற்கை இடுப்பு மூட்டு வைத்தவர், டாக்டர் அனுமதிக்கும்வரை, பொதுவாக 6 முதல் 12 வாரம், தரையில் உட்காரக் கூடாது, சம்மணம் கூடாது, இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. தொழுகை நாற்காலியில், சாப்பாடும் நாற்காலியில். உட்காரும்போது முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இந்தியக் கழிவறைக்கு மேல் வைக்க கமோடு நாற்காலி வாங்குங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டுச் சமாளிக்க வேண்டாம், ஈரத்தில் கால் அகன்று உடையும்.

படுத்தபடியே தொடைத் தசையை இறுக்கி 10 விநாடி பிடித்துவிடுவது, பத்து முறை, நாளைக்கு மூன்று நான்கு தடவை. இதை முதல் நாளிலிருந்தே செய்யலாம். முட்டை, மீன், பருப்பு தினமும் வேண்டும். பீடி, சிகரெட் எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும். இதை நண்பராகிய நீங்கள்தான் சொல்ல முடியும், வீட்டுப் பெண்கள் சொன்னால் கேட்க மாட்டார்.

ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே ஆஸ்பத்திரி. திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்றால் 108. தையலில் கசிவோ காய்ச்சலோ வந்தால் மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கித் தராதீர்கள். எந்தக் கிருமி என்று சோதிக்க எடுக்கும் மாதிரியில் பிறகு ஒன்றும் வளராது, டாக்டர் இருட்டில் மருந்து தேட வேண்டி வரும்.

9. அடுத்த இரண்டு ஆண்டு

எக்ஸ்ரே 6 வாரம், 12 வாரம், 6 மாதம், ஓராண்டில். 9 மாதம் ஆகியும், கடைசி 3 மாதத்தில் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால் எலும்பு சேரவில்லை என்று கொள்வார்கள். ராடைப் பூட்டியிருக்கும் ஒரு ஸ்க்ரூவை எடுத்துவிடுவது, தடிமனான ராடு மாற்றுவது, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைப்பது என்று வழிகள் உண்டு. தொடைக் கழுத்து முறிவுக்கு ஸ்க்ரூ போட்டவர் நன்றாக நடந்துகொண்டிருந்தாலும் இரண்டாண்டு வரை கவனம் வேண்டும். தொடையிடுக்கில் புதிதாக வலி, சம்மணம் போட முடியாமை இரண்டும் உருண்டை பாதிக்கப்படுவதன் முதல் அறிகுறிகள், உடனே எம்ஆர்ஐ.

ராடை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. உறுத்தலோ வலியோ இருந்தால் மட்டும், எலும்பு முழுதாகச் சேர்ந்து ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு எடுக்கலாம். எடுத்ததும் ஸ்க்ரூ இருந்த துளைகள் சில காலம் பலவீனமாகவே இருக்கும். 6 வாரமாவது வலை இழுக்கவோ, மூட்டை தூக்கவோ, வள்ளத்திலிருந்து குதிக்கவோ வேண்டாம்.